அடைபடாத கடனும் உடைபடாத உறையும்

ஒருவருடைய யூடியூப் வீடியோக்களுக்கு மொத்தம் 14 ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். 3 ஸ்கிரிப்டுக்குப் பணம் வந்தது, 11க்கு வரவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கடைசியாக நான் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட், கிட்டத்தட்ட 4,000 வருடத்துக்கு முந்தைய வியாபாரிகள் எப்படிக் கடன் சீட்டு எழுதினார்கள் என்பதைப் பற்றியது. அதை அனுப்பிய வாரத்தில்தான் வேலை கொடுத்த ஆள் காணாமல் போனார். நான் எங்கே கோட்டை விட்டேன் என்பது நானே எழுதிய அந்தப் பக்கங்களில் இருந்தது.

முதலில் இருந்து சொல்கிறேன். வீட்டில் இருந்தபடி ஆன்லைனில் எழுத்து வேலை செய்கிறேன். ஒரு ஃப்ரீலான்ஸ் தளத்தில் 'பழங்காலக் கண்டுபிடிப்புகள் பற்றிய வீடியோக்களுக்கு ஸ்கிரிப்ட் எழுத ஆள் தேவை' என்று பார்த்தேன். வரலாறு என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். உடனே விண்ணப்பித்தேன், வேலையும் கிடைத்தது. முதல் 3 ஸ்கிரிப்டும் அந்தத் தளத்தின் வழியாகவே போயின, பணமும் ஒழுங்காக வந்தது. அப்புறம் வேலை கொடுத்தவர் சொன்னார்: "நடுவுல இவங்களுக்கு எதுக்குங்க கமிஷன்? நாம நேரடியா வச்சுக்குவோம், அந்தக் காசையும் சேர்த்து உங்களுக்கே தர்றேன்." நியாயமாகப் பட்டது. சாட்டில் பேசிக்கொண்டோம். ஒரு காகிதம் கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. மாதக் கடைசியில் மொத்தமாகத் தருகிறேன் என்ற வாய்வார்த்தைதான்.

தலைப்புகளை அவரே அனுப்புவார். அதில் ஒன்று, விஞ்ஞானிகள் மறைத்த ராட்சத எலும்புக்கூடு. கூடவே ஒரு படம்: பெரிய குழி, அதற்குள் ஒரு பிரம்மாண்டமான மண்டை ஓடு, பக்கத்தில் எறும்பு போல ஒரு ஆள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், வாட்ஸப்பில் பல வருடமாகச் சுற்றி வருகிற படம் அது. ஒவ்வொரு முறை வரும்போதும் ஊர் பெயர் மட்டும் மாறியிருக்கும்.

எங்கே எடுத்த படம் என்று தேடினேன். 2000ஆம் ஆண்டு நியூயார்க் மாகாணத்தில் ஹைட் பார்க் என்ற இடத்தில் ஒரு மாஸ்டோடானின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். மாஸ்டோடான் என்பது யானைக்குத் தூரத்துச் சொந்தம், அழிந்துபோன விலங்கு. அந்த அகழ்விடத்தை மேலிருந்து எடுத்த புகைப்படத்தில் மனித எலும்புக்கூட்டை ஒட்டி, 2002இல் இணையத்தில் நடந்த ஒரு ஃபோட்டோஷாப் போட்டிக்காக ஒருவர் செய்த வேலை அது. செய்தவர் யாரையும் ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. போட்டியே அப்படிப்பட்ட படங்களைச் செய்வதற்குத்தான்.

இதைச் சொன்னேன். "யாருங்க போய்த் தேடப் போறாங்க, இதுதான் ஓடும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். வாக்கியத்துக்கு வாக்கியம் 'என்று கூறப்படுகிறது', 'சிலர் நம்புகிறார்கள்' என்று சேர்த்து எழுதினேன். அப்படிச் சேர்த்தால் பொய் என் தலையில் விழாது என்று நினைத்தேன். விழத்தான் விழுந்தது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு என் சொந்தத் தம்பியே, "அக்கா, இது நெஜமா?" என்று கேட்டான். அவன் வீடியோ எடிட்டர். தினமும் படத்தை வெட்டி ஒட்டுகிறவன். அவனுக்கே நிஜமாக இருக்குமோ என்று தோன்றிவிட்டது என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

ஏன் இது ஓடுகிறது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. முழுநீள வீடியோக்களில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதத்தை யூடியூப் சேனல்காரருக்குத் தருகிறது. அந்தப் பங்கு கிடைக்க வேண்டுமானால் 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு 12 மாதத்தில் மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஷார்ட்ஸில் 90 நாளில் 1 கோடி வியூஸ் வந்திருக்க வேண்டும். புதுச் சேனல் ஒன்று இந்தக் கோட்டைத் தாண்ட ராட்சதன் உதவுவான், உடைந்த பானை ஓடு உதவாது. அந்த ஓட்டின் விளிம்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் தொல்லியலாளர் காலத்தைச் சொல்கிறார். அதைச் சுவையாகச் சொல்ல ஒரு வாரம் உட்கார வேண்டும். ராட்சதனுக்கு அரை நாள் போதும்.

சரி, கடைசி ஸ்கிரிப்டுக்கு வருகிறேன். அதற்கு மட்டும் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்: குல்தெபே.

துருக்கியில் கைசேரி நகருக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய மண்மேடு அது. பழைய பெயர் கனேஷ். 1880களில் இருந்தே ஆப்பெழுத்தில், அதாவது ஆப்பு வடிவக் கீறல்களால் எழுதிய சின்னச் சின்னக் களிமண் ஏடுகள் பழம்பொருள் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. எந்த இடத்தில் கிடைக்கின்றன என்பது வெளியாட்களுக்குத் தெரியவில்லை. மேட்டைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு ஏடு அகப்படவில்லை. 1925இல் பெட்ரிச் ஹ்ரோஸ்னி வந்தார், அந்தப் பகுதியின் பழைய மொழியான ஹிட்டைட்டை வாசித்துக் காட்டிய செக் அறிஞர். அவரும் முதலில் மேட்டையே தோண்டினார். ஏடுகள் மேட்டில் இல்லை, அதன் அடிவாரத்து வயலில் இருக்கின்றன என்பது அப்புறம்தான் தெரிந்தது. வியாபாரிகள் குடியிருந்த தெருக்கள் அங்கேதான் புதைந்து கிடந்தன. 1948இல் இருந்து தஹ்சின் ஓஸ்குச் என்ற துருக்கித் தொல்லியலாளர் பல பத்தாண்டுகள் அங்கே தோண்டினார். இதுவரை கிடைத்தவை ஏறக்குறைய 23,000 ஏடுகள். 2015இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இவ்வளவு ஏட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? ராஜா, போர், சாமி எல்லாம் மிகக் கொஞ்சம். மீதி எல்லாம் வரவு செலவு, கடன், சரக்குப் பட்டியல், கடிதம். இன்றைய ஈராக்கில், டைக்ரிஸ் ஆற்றங்கரையில் இருந்த அசூர் நகரத்து வியாபாரிகள் கழுதைகளில் வெள்ளீயமும் கம்பளித் துணியும் ஏற்றிக்கொண்டு, சுமார் 1,000 கிலோமீட்டர் தாண்டி கனேஷுக்கு வந்து விற்றார்கள். போக ஆறு வாரம். திரும்பும்போது வெள்ளி, பொன். கி.மு. 19ஆம் நூற்றாண்டு.

ஆண்கள் அங்கே, பெண்கள் அசூரில். வீட்டுப் பெண்கள் தறியில் நெய்த துணி கனேஷுக்குப் போகும், விற்ற வெள்ளி அவர்கள் பெயருக்கு வரும். வேலை ஒரு ஊரில், வாங்குகிறவர் இன்னொரு ஊரில், நடுவில் எழுத்து மட்டும். இதைப் படித்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். நான் செய்கிற வேலை இது.

ஒரு கடிதத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. புசூர் அசூர் என்ற வியாபாரி வக்குர்தும் என்ற பெண்ணுக்கு எழுதியது. வெள்ளி அனுப்பியிருக்கிறேன் என்கிறான். நீ அனுப்பிய மெல்லிய துணி நன்றாக இருந்தது, அதே மாதிரி நெய்து அனுப்பு என்கிறான். அப்புறம் ஆரம்பிக்கிறது: துணியின் ஒரு பக்கத்தை இப்படிச் செய், கத்தரிக்காதே, பாவு நெருக்கமாக இருக்கட்டும். முன்னால் அனுப்பியதைவிட ஒவ்வொரு துணிக்கும் 1 மினா கம்பளி கூடப் போடு, ஆனால் துணி மெல்லிசாகவே இருக்க வேண்டும். நீளம் 9 முழம், அகலம் 8 முழம்.

1 மினா என்பது அரைக் கிலோ. அரைக் கிலோ கம்பளி கூடப் போட வேண்டும், துணியும் கனக்கக் கூடாது. தறியில் உட்கார்ந்திருக்கிற கைக்குத்தான் தெரியும் இது என்ன வேலை என்று. இழையை இன்னும் சன்னமாக நூற்று, இன்னும் நெருக்கமாக ஓட்ட வேண்டும். எனக்கு வருகிற ரிவிஷன்களும் இந்த ஜாதிதான். இன்னும் விவரம் சேருங்கள், ஆனால் ஸ்கிரிப்ட் நீளக் கூடாது. வக்குர்தும் என்ன பதில் எழுதினாளோ! அந்தக் கடிதத்தைப் படித்தபோது அவள் எனக்கு முன்பே தெரிந்தவள் போல இருந்தாள்.

இன்னொருத்தி லமஸ்ஸி. புஷுகென் என்ற பெரிய வியாபாரியின் மனைவி. கேட்ட துணியை அனுப்ப முடியாமல் போனதற்குக் காரணம் எழுதுகிறாள். மகள் வளர்ந்துவிட்டாள், வண்டிக்கென்று தடித்த துணி நெய்ய வேண்டியிருந்தது, வீட்டில் இருப்பவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நெய்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று. வேறொரு கடிதத்தில், நீங்கள் போன பிறகு இன்னார் வீடு கட்டிவிட்டார், நாம் எப்போது கட்டுவது என்று கேட்கிறாள். வீட்டில் இருந்து சம்பாதிக்கிற எவளுக்கும் இந்த இரண்டு கடிதத்தையும் விளக்க வேண்டியதில்லை. வேலையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் எது எதைத் தின்னும் என்று நமக்குத் தெரியும்.

இப்போது கடன் சீட்டு. இதுதான் என்னை உலுக்கியது.

ஒருவர் இன்னொருவருக்கு வெள்ளி தர வேண்டும் என்றால், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு களிமண் ஏட்டில் எழுதுவார்கள். யார், யாருக்கு, எவ்வளவு, எந்த வாரத்தில் இருந்து கணக்கு, எத்தனை வாரத்துக்குள் தர வேண்டும், தராவிட்டால் வட்டி எவ்வளவு, சாட்சி யார். ஏடு காய்ந்ததும் அதன்மேல் மெல்லிய களிமண் தகடு ஒன்றைப் போர்த்தி மூடிவிடுவார்கள், கொழுக்கட்டைக்கு மாவு மூடுகிற மாதிரி. அதுதான் உறை. உறையின் மேல் அதே விஷயத்தை இன்னொரு தடவை எழுதுவார்கள். கடன் வாங்கியவரும் சாட்சிகளும் தங்கள் உருளை முத்திரைகளை ஈரக் களிமண்ணில் உருட்டுவார்கள். முத்திரை உருள உருள, சின்னச் சின்ன மனித உருவங்கள் வரிசையாகப் பதியும்.

இனி யாரும் உள்ளே இருப்பதை மாற்ற முடியாது. வெளியே இருக்கிற எண்ணை யாராவது சுரண்டி மாற்றினால், உறையை உடைத்தால் உள்ளே உண்மை இருக்கும். உள்ளே இருப்பதை மாற்ற உறையை உடைத்தாலோ, உடைத்தது தெரிந்துவிடும்.

தாமதத்துக்கும் வழி வைத்திருந்தார்கள். தவணை தாண்டினால் மாதத்துக்கு 1 மினாவுக்கு ஒன்றரை ஷெக்கல் வட்டி. 1 மினா 60 ஷெக்கல், ஆகவே வருடத்துக்கு 30 சதவீதம். இந்த வட்டியை அன்றைக்குக் கோபத்தில் யாரும் சொல்லவில்லை. கனேஷ் வியாபாரிகளின் சங்கமே வைத்த விகிதம், சீட்டு எழுதும்போதே ஏறிவிடும்.

இதையெல்லாம் நான்தான் தட்டச்சு செய்தேன். அனுப்பினேன். இன்வாய்ஸும் அனுப்பினேன். பதில் இல்லை. நான்காம் நாள் சாட்டைத் திறந்தால், நாங்கள் பேசிய பழைய செய்திகள் ஒன்றுகூட இல்லை. 7 நாளில் தானாக மறைகிற அமைப்பை அவர் எப்போதோ போட்டு வைத்திருந்தார். நான் கவனிக்கவே இல்லை. இரண்டு மாதமாக வார்த்தைக்கு இவ்வளவு, மாதக் கடைசியில் இவ்வளவு என்று பேசியதெல்லாம் காற்றோடு போயிருந்தது. ஸ்கிரீன்ஷாட்கூட எடுத்து வைக்கவில்லை. களிமண் 4,000 வருடம் நின்றது, என் ஒப்பந்தம் 7 நாள்.

அன்றைக்கு அழுதேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் சொல்லாமல் இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, நீ எழுதின அந்த உறை மேட்டர், அதை நாமளே பண்ணிக்கலாமே" என்றான்.

பண்ணிக்கொண்டோம். இப்போது எந்த வேலையாக இருந்தாலும் ஒரு பக்கத் தாள் எழுதுகிறேன். என்ன வேலை, எத்தனை வார்த்தை, எத்தனை ரிவிஷன், எந்தத் தேதி, தாமதமானால் எவ்வளவு கூடும். வக்குர்துமுக்கு வந்த மாதிரியான கேட்பு வந்தால் அது புது வேலை, தனிக் கணக்கு என்பதையும் எழுதிவிடுகிறேன். அதைப் பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்புவேன். 'சம்மதம்' என்று அவர் பதில் எழுதிய பிறகுதான் முதல் வரி எழுதுவேன். தம்பிக்கும் ஒரு நகல் போகும், அவன்தான் சாட்சி. பாதிப் பணம் முன்னால்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், தயவு செய்து கேளுங்கள். ஃப்ரீலான்ஸ் தளத்தை விட்டு வெளியே வரச் சொன்னால் போகாதீர்கள். அப்வொர்க் போன்ற இடங்களில், முழு வேலைக்கும் இவ்வளவு என்று பேசிய ஒப்பந்தமாக இருந்தால், கிளையண்ட் பணத்தை முன்னாலேயே எஸ்க்ரோவில், அதாவது தளத்தின் பொறுப்பில் போட்டுவிட வேண்டும். நீங்கள் வேலையை ஒப்படைத்த பிறகு அவர் 14 நாள் எதுவும் சொல்லாமல் இருந்தால் பணம் தானாக உங்களுக்கு வரும். கமிஷன் அதற்குத்தான். அது உறைக்கும் சாட்சிக்கும் கொடுக்கிற கூலி. நான் அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் 11 ஸ்கிரிப்டை இழந்தேன்.

கேட்டுப் பெற வேறு வழி இருந்ததா என்று யோசித்தேன். எகிப்தில் மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளிகளுக்குக் கூலித் தானியம் வரத் தாமதமானது. கருவிகளை வைத்துவிட்டு எல்லோரும் போய்க் கோயிலின் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அதை எழுதி வைத்த பாப்பிரஸ், அதாவது நாணல் தாள், இப்போது இத்தாலியில் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் ஒரே ஊரில் குடியிருந்தவர்கள், சேர்ந்து எழுந்து போக முடிந்தது. நான் யாரோடு போய் எங்கே உட்காருவேன்? அந்த ஆளுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இன்னும் எத்தனை பேர் என்பதே எனக்குத் தெரியாது.

பழங்காலத்தை வைத்து ஆன்லைனில் நேர்மையாகச் சம்பாதிக்கவே முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். வெசுவியஸ் சேலஞ்ச் என்ற போட்டியைப் பற்றிப் படித்ததில் இருந்து இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கி.பி. 79இல் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரத்து மாளிகை ஒன்றில் இருந்த பாப்பிரஸ் சுருள்கள் கரிக்கட்டையாகிவிட்டன. 1750களில் கண்டெடுத்தார்கள், பிரிக்க முயன்றபோதெல்லாம் நொறுங்கின. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் அவற்றை எக்ஸ்ரே ஸ்கேன் செய்து, திறக்காமலே வாசிக்க முடியும் என்று பல வருடம் உழைத்தார். 2023 மார்ச்சில் அந்த ஸ்கேன்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டு, வாசிப்பவர்களுக்குப் பரிசு அறிவித்தார்கள்.

கேசி ஹேண்ட்மர் என்பவர் திரையில் அந்தப் படங்களை மணிக்கணக்காக வெறும் கண்ணால் பார்த்தே, மை இருந்த இடத்தில் காய்ந்த சேறு போல ஒரு வெடிப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைப் பிடித்துக்கொண்டு லூக் ஃபாரிட்டர் என்ற 21 வயது மாணவர் ஒரு நிரல் எழுதி, முதல் சொல்லை வாசித்தார். ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அதற்கு 40,000 டாலர். 2024 பிப்ரவரியில் அவரும் யூசுஃப் நாடெர், ஜூலியன் ஷிலிகர் என்ற இருவரும் சேர்ந்து 15 பத்திகளை, 2,000க்கும் மேற்பட்ட எழுத்துகளை வெளியே கொண்டுவந்து 7,00,000 டாலர் வாங்கினார்கள். இன்பம் என்பது என்ன என்று ஆராய்கிற தத்துவ நூல் அது.

எனக்குப் பிடித்தது பரிசுத் தொகை இல்லை. சுருளின் படங்களில் ஒவ்வொரு அடுக்கையும் திரையில் பொறுமையாகப் பிரித்துக் கொடுக்கச் சம்பளத்துக்கு ஆட்களை வைத்தார்கள். வீட்டில் இருந்து செய்கிற கணினி வேலைதான். அந்த ஆட்கள் பிரித்துக் கொடுத்த அடுக்குகளில்தான் அந்தச் சொல் இருந்தது. அப்படி ஒரு வேலை எனக்குக் கிடைத்தால் இரவு பகல் பார்க்க மாட்டேன்.

வேறு விதமான வேலையும் வந்தது. பழங்காலக் காசு, சிலை, முத்திரை விற்கிற ஒருவர் ஒவ்வொரு பொருளுக்கும் கவர்ச்சியாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார். முழுப் பணமும் முன்னால். எங்கே கிடைத்தவை என்று கேட்டேன். "பழைய குடும்பச் சேகரிப்புன்னு போட்டுக்குங்க" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வகை வியாபாரம் பெருகியதால்தான் ஃபேஸ்புக் 2020இல் தொல்பொருள் விற்பனையைத் தடை செய்தது. குல்தெபேயில் சந்தைக்குப் போன ஏடுகளை நினைத்துப் பாருங்கள். லமஸ்ஸியின் கடிதம் எந்த வீட்டில், எந்த அறையில், எந்த ஜாடியில், வேறு எந்தக் கடிதங்களோடு கிடந்தது என்பது தெரிந்தால் ஒரு குடும்பமே எழுந்து வரும். தெரியாவிட்டால் அது ஒரு மண் துண்டு.

இப்போது தொல்லியல் சொற்பொழிவுகளுக்கு சப்டைட்டில் எழுதுகிறேன். சின்னச் சேனல் ஒன்றுக்கு மாதம் 2 ஸ்கிரிப்ட். ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து எடுத்தது என்று ஓரத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் கண்டிப்பு. வருமானம் ராட்சத எலும்புக்கூடு காலத்தைவிடக் குறைவுதான், ஆனால் வருகிறது.

போன மாதம் அவர்களுக்கு எழுதியது, இன்னும் உடைக்காத உறைகளைப் பற்றி. குல்தெபே உறைகளில் சில இன்றும் மூடியபடியே இருக்கின்றன. உடைத்தால் முத்திரைகள் போய்விடும் என்று அப்படியே வைத்திருக்கிறார்கள். இப்போது செசில் மிஷெல் என்ற அறிஞரும் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தினரும், அருங்காட்சியகத்துக்கே கொண்டுபோகக்கூடிய ஸ்கேனரை வைத்து, உறையைத் தொடாமல் உள்ளே இருப்பதை வாசிக்கிறார்கள்.

அதற்காகப் படிக்கும்போது ஒரு சொல் கிடைத்தது. கடன் அடைந்ததும் சீட்டைக் கடன் வாங்கியவரிடமே கொடுத்துவிடுவார்கள், சீட்டு உடைக்கப்படும். அதை அவர்கள் மொழியில் சீட்டைக் 'கொல்வது' என்பார்கள். அப்படியானால் உடையாமல் நம் கைக்கு வந்திருக்கிற கடன் சீட்டுகளில் பல, கடைசி வரை அடைபடாத கடன்களாக இருக்கலாம். யாரோ ஒருவர் காத்திருந்து காத்திருந்து, வீட்டில் பத்திரமாக வைத்திருந்த சீட்டுகள்.

என் கணினியில் பணம் வர வேண்டிய வேலைகளுக்கு ஒரு ஃபோல்டர் இருக்கிறது. வந்துவிட்டால் அந்தத் தாளை அங்கிருந்து எடுத்துவிடுவேன். போன வெள்ளிக்கிழமை உறைகள் பற்றிய ஸ்கிரிப்டுக்குப் பணம் வந்தது, தவணைக்கு 2 நாள் முன்னால். தாளை எடுத்துவிட்டு, பக்கத்து அறையில் எடிட்டிங்கில் இருந்த தம்பிக்குக் கேட்கிற மாதிரி, "ஒண்ணு கொன்னாச்சுடா" என்றேன்.

"இன்னும் எத்தனை இருக்கு?" என்றான்.

பதினொன்று.